விமானம் போற நேரம்

...அதத்தாம்மா நானும் கேக்குறேன். சத்தம் சத்தம்னு குடி வந்தவங்கெல்லாம் ஓடுறாங்களே, சத்தம் இல்லாத ஊரு எங்க இருக்கு? பாத்து ஏறு, படி உசரம். தோள்ல புள்ள தூங்குதா? தூங்கட்டும், நான் மெதுவாத்தான் பேசுவேன்.

இதான் மாடி. காத்து அள்ளிக்கிட்டுப் போவும். ஜன்னல்ல டேப் ஒட்டியிருக்கேன்னு பாக்காத. விமானப்படைத் தளம் பக்கத்துல இருந்தா எல்லா வீட்லயும் அப்படித்தான். விரிசல் விட்டுச்சு, ஒடையலயே. டம்ளர மட்டும் அலமாரி ஓரமா வைக்காத, தானா நடந்து வந்து விழும். வேற ஒரு குத்தம் சொல்ல முடியாது இந்த வீட்ட.

மொட்டமாடில துணி காயப்போடலாம், போனத் தூக்கிப் புடிக்காத. எம்மவன் ஒருக்கா பொண்டாட்டிய நிக்கவச்சு போட்டோ எடுத்தான், ஒடனே வாசல்ல தளத்து ஜீப்பு. அவ மூஞ்சிய விட அவங்க ஓடுபாததான் அதுல பளிச்சுனு இருந்துச்சாம். கறி வேணும்னா பஸ் ஏறணும். முக்குல இருந்த கறிக்கடைய எடுக்கச் சொல்லிட்டாங்க. கழிவுக்குப் பருந்து வருதாம், பருந்து விமானத்துல மோதுதாம். பருந்துக்காக எல்லாரும் பேசுறாங்க, நமக்காகப் பேச ஒருத்தரு...

இரு, வருது. காதப் பொத்திக்க.

...............

...இல்ல. பயந்துட்டியா? புள்ள அசையல பாரு, கெட்டிக்காரி. இந்தத் தெருவுல அப்படித்தாம்மா. விமானம் வந்தா பேச்ச நிறுத்தி, கண்ண மூடி, காதப் பொத்திக்குவோம். போனதும் விட்ட எடத்துலேந்து புடிச்சுக்குவோம். காய்கறிக்காரரு 'கத்திரி'ம்பாரு, விமானம் போனப்புறம் 'க்கா'ம்பாரு. எதுத்த வீட்டுக்காரி என்னயத் திட்ட ஆரம்பிச்சா, விமானம் போறதுக்குள்ள எதுக்குத் திட்டுனோம்னே மறந்துருவா.

எங்க வீட்டுக்காரரு தளத்துலதான் சமையல். வேலை முடிஞ்சாலும் வர்றதில்ல, ஓடுபாத பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. அங்க அமைதியா இருக்காம். காது போயிருச்சோ என்னமோ.

இந்த மாடி எம்மவனுக்குன்னு கட்டுனது. மருமக புள்ளயத் தூக்கிக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா, பின்னாலயே இவனும். எல்லாம் இந்த விமானத்தாலதான். போறப்ப என்ன சொன்னா தெரியுமா? "அத்தே, விமானம் போற நேரம்தான் இந்த வீட்ல எனக்கு நிம்மதி"ன்னா. அவ்ளோ புடிச்சிருந்தா இருந்திருக்கலாம்ல? எத்தனயோ வாட்டி யோசிச்சுட்டேன், புரியல.

வாடகைய விடு, முடிஞ்சதக் குடு. வீட்ல ஒரு புள்ள அழுகுற சத்தம் கேக்கணும்மா, அவ்ளோதான். எம் பேத்தி தவழ்ந்த தரை இது. தெனம் தொடைக்கிறேன். தொட்டில் கொக்கியக்கூட கழட்டல, பாரு. நீ வேலைக்குப் போனா நான் பாத்துக்குவேன். பேசிக்கிட்டே இருப்பேன், அதுக்கும் சீக்கிரமே பேச்சு வந்துரும். என்ன, தலையாட்டுற? சரிங்குறியா, வேணாங்குறியா? வாயத் தொறந்து...

இரு, வருது.

...............

...சொல்லும்மா.

ஏம்மா? பாப்பா?

அட, கீழ வாசக் கேட்டு தொறந்து கெடக்கு. செருப்பையும் காணோம்.

பாவி விமானம். பேசிக்கிட்டிருந்த ஆளக்கூட வெரட்டிருச்சு.