கைதி வேஷம்

வீட்டுக்காரர்: பொம்பளைக் கைதியாவா? அப்ப இந்த மீசையை என்ன பண்றது?

சிறைக்காவலர்: மீசை இருந்துட்டுப் போகட்டும். குரல்ல கோபம் வந்தாப் போதும். நாளைக்குப் பரீட்சைங்க. கைதி கத்தும்போது நாங்க எப்படிப் பேசறோம்னுதான் பாப்பாங்க. தேறினா, புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நான்தான் பயிற்சி கொடுப்பேன்.

வீட்டுக்காரர்: அதுங்கதான் ஒரு மாசத்துல ஓடிடுதுங்களே...

சிறைக்காவலர்: ஒண்ணுமே சொல்லிக்கொடுக்காம சாவியைக் கையில திணிச்சா, ஓடாம என்ன செய்யும்? அவங்க நிலைச்சாத்தான் என் ரெட்டை டியூட்டி ஒழியும். ம்... ஆரம்பிங்க. உங்களைப் பாக்க யாரும் வரல. அந்தக் கோபம்.

வீட்டுக்காரர்: வார்டரம்மா... யாருமே வரல.

சிறைக்காவலர்: யாருமே வரலன்னு மனசு கஷ்டப்படுது.

வீட்டுக்காரர்: சொன்னதையே திருப்பிச் சொல்றியே, கிளியா நீ?

சிறைக்காவலர்: பாடமே அதுதான். மேல சொல்லுங்க.

வீட்டுக்காரர்: ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வர்றேன்னா. வரல. ஆளில்ல, இன்னொரு ஷிப்டு நில்லுன்னுட்டாங்களாம்.

சிறைக்காவலர்: ...கைதியைப் பாக்க வர்றவங்களுக்கு ஏதுங்க ஷிப்டு?

வீட்டுக்காரர்: குறுக்கே பேசக்கூடாதுன்னு பாடத்துல இல்லையா? ...சோத்தை மூடி வச்சுட்டு உக்காந்திருக்கேன். சின்னவ, அம்மா எப்ப வரும்னு கேக்கறதையே விட்டுட்டா.

சிறைக்காவலர்: கேக்கறதையே... விட்டுட்டா.

வீட்டுக்காரர்: உள்ள இருக்கறவங்களுக்காவது விடுதலைத் தேதின்னு ஒண்ணு உண்டு. உனக்கு?

சிறைக்காவலர்: இன்னும் சொல்லுங்க. கேட்டுட்டுதான் இருக்கேன்.

வீட்டுக்காரர்: அக்கா துணிக்கடையில உனக்கு வேலை பேசி வச்சிருக்கேன். நீ தேறாம வந்தா சொல்லலாம்னு... தேறக்கூடாதுன்னுகூட நினைச்சேன். போதுமா?

சிறைக்காவலர்: ...ம்.

வீட்டுக்காரர்: கண்ணைத் துடை. நாளைக்கு அவங்க முன்னாடி இப்படி நிக்காதே. ...நடுவுல ஒரு வார்த்தை சமாதானம் சொல்லாம, இவ்வளவு நேரம் நான் சொன்னதை நீ கேட்டதே இல்லடி. இப்படிக் கேக்கக் கத்துக்கொடுத்தா எந்தப் பொண்ணும் ஓடமாட்டா. நீ போய்த் தேறிட்டு வா. அக்காகிட்ட நான் பேசிக்கறேன்.

சிறைக்காவலர்: பரீட்சை போன வாரமே முடிஞ்சுதுங்க. தேறியும் ஆச்சு. பயிற்சி கொடுக்கற வேலைன்னா, காலைல போனா சாயங்காலம் வந்துடலாம். அந்த வேலைக்கு வர்றேன்னு மட்டும் அவங்ககிட்ட இன்னும் சொல்லல. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே ரெண்டு மாசமா வாயைத் திறக்காத ஒரு கைதி இந்த வீட்டுல இருந்தாரு... அவர் மனசு தெரியாம நான் எப்படிங்க சரின்னு சொல்றது?