எடை: அறுபது கிலோ

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர் அவர்களே, அருகமர்ந்த ஆன்றோர்களே, பிள்ளைகள் கணினியில் என்னதான் தட்டுகிறார்கள் என்று பார்த்துவிட வந்திருக்கும் தாய்மார்களே, கண் எரிய எரிய மென்பொருள் எழுதும் என் தோழர்களே, வணக்கம்!

மென்பொருளின் மேன்மையைப் பேச அழைத்தார்கள். மன்னியுங்கள். என் மனத்தின் அச்சத்தைப் பேச வந்திருக்கிறேன்.

நம் தொழிலில் ஆபத்தான சொல் எது? வைரஸா? இல்லை. திருட்டா? இல்லவே இல்லை. ‘தற்காலிகம்’! சிரிக்கிறீர்கள். அதை எழுதியவர்கள்தான் சிரிக்கிறீர்கள், தெரியும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், டிரிப்ஸ் வழியே மருந்து ஏற்றும் இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதினேன். நோயாளியின் எடைக்கேற்ப அது மருந்தை அளக்கும். எடைக் கட்டம் காலியாக இருந்தால் சோதனை ஓட்டம் நின்று நின்று போனது. எரிச்சலில் ஒரு வரி சேர்த்தேன்: எடை இல்லையென்றால் அறுபது என்று வைத்துக்கொள். பக்கத்திலேயே ‘தற்காலிகம்’ என்று குறித்தேன். அறுபது எங்கிருந்து வந்தது? அன்றைக்கு என் எடை, ஐயா! மறுவாரம் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். அடியோடு மறந்துபோனேன்.

சென்ற மாதம் என் மகளுக்குக் கடும் காய்ச்சல், வலிப்பு. நாலே வயது. அவசரப் பிரிவில் செவிலியர் ஊசியைக் குத்தி, இயந்திரத்தை இணைத்து, பொத்தானில் விரல் வைக்கிறார். திரையைப் பார்த்தேன். எடை: அறுபது. என் மகளின் எடை பதினான்கு.

“சிஸ்டர், கையை எடுங்க!” என்று கத்தினேன். என்னவோ ஏதோ என்று என் மனைவி அலறினாள்.

செவிலியர் தலையில் அடித்துக்கொண்டார். “எடை போடலைன்னா அதுவா அறுபதுன்னு எடுத்துக்கும் சார். எங்க எல்லாருக்கும் தெரியும், பார்த்து மாத்திடுவோம். இன்னைக்கு அவசரத்துல விட்டுட்டேன். எந்தப் புண்ணியவான் எழுதினானோ!”

அந்தப் புண்ணியவான் நான்தான், ஐயா!

மகள் பிழைத்தாள். ஆனால் ஒன்பது ஆண்டுகள்! எத்தனை வார்டு, எத்தனை கட்டில், எத்தனை அவசரம்? அங்கெல்லாம் கத்துவதற்கு யார் நின்றார்கள்?

மறுநாளே மேலாளரிடம் ஓடினேன். “ஓடிட்டிருக்கிறதை ஏன்பா தொடணும்? அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்” என்றார். அந்த இயந்திரம் உள்ள நாற்பத்தொரு மருத்துவமனைகளையும் நானே தொலைபேசியில் அழைத்தேன். அறுபது என்று கண்டால் நம்பாதீர்கள் என்று கெஞ்சினேன். மூன்று இடங்களில் இன்னும் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. நாளை நேரில் போகிறேன். வேலை போனால் போகட்டும்.

தோழர்களே, ‘தற்காலிகம்’ என்று எழுதிவிட்டு இன்றுவரை எடுக்காத வரி யாரிடம் இருக்கிறது? கூச்சப்படாமல் கை தூக்குங்கள். அதோ ஒருவர். பின்வரிசையில் இருவர். ஐயோ, இறக்காதீர்கள், இருங்கள்! மண்டபம் முழுக்கவா?

தாய்மார்களே, திரும்பிப் பாருங்கள்! இந்தக் கைகள் எழுதியவைதாம் நீங்கள் ஏறும் லிஃப்டிலும், உங்கள் ரயிலின் சிக்னலிலும், உங்கள் பிள்ளையின் கட்டிலோரத்திலும் ஓடுகின்றன. பயமாக இருக்கிறதா? எனக்கும்தான்.

மேடையில், எனக்குப் பின்னால் என்ன சலசலப்பு? தலைவர் அவர்களே... நீங்களுமா?

பொறுத்திருந்து கேட்டீர்கள், நன்றி. வீட்டுக்குப் போகும் வழியில் அலுவலகத்தில் இறங்கி, அந்த வரியை எடுத்துவிட்டுப் போங்கள். வணக்கம்.