சுவருக்கு இந்தப் பக்கம்

சாயங்காலம் ஏழு மணி. கடைசித் தெருவிளக்கையும் தாண்டி, குண்டும் குழியுமான ஒரு மண் சாலை. பேய்க்காற்று. அதில் ஒரு மனிதர் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்... என் நண்பனின் பெரியப்பா. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், அப்புறம் சிரிப்பு வராது. ஏன் ஓடினார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவர் தையல்காரர். சாலை முடிவில் இருக்கும் ஒரே வீடு அவருடையது. முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் மனைவி. பாவம், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்காகப் படுத்த படுக்கை. அசைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் தலைக்கு நேர் மேலே, கூரைக்கு மேல், பட்டுப்போன ஒரு பெரிய கிளை. காம்பவுண்டு சுவருக்கு வெளியே நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் கிளை. காற்றடித்தால் கிர்ர்ர்... என்று முனகும். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்.

நகராட்சிக்கு நடையாய் நடந்தார். சாலை மரம் என்றால் எங்கள் பொறுப்பு, ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். ஒருவழியாக மேற்பார்வையாளர் வந்தார். மரம் சுவருக்கு உள்ளே நின்றது.

ஆமாம், உள்ளே. சுவரில் ஒரு கீறல் இல்லை. பாசிகூட உதிரவில்லை. உங்கள் வீட்டு மரத்தை நீங்கள்தான் வெட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். காலையில்கூட வெளியேதான் நின்றது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சரி, தொலையட்டும் என்று மறுநாள் தானே ஒரு மரவெட்டியைக் கூட்டிவந்தார். மரம் சாலையில் நின்றது. ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி. பேர்தான் தூங்குமூஞ்சி!

"ரோட்டு மரம்ண்ணே இது. கைய வச்சா என்னைத் தூக்கி உள்ள போட்டுருவாங்க," என்றபடி மரவெட்டி ரம்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினான்.

அன்றைக்கே புயல் எச்சரிக்கை வந்தது. தையல்காரர் முன்னறையில் இருந்த அளவு நாடாக்களை எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தார். ஒரு முனையை மரத்தைச் சுற்றிக் கட்டினார். மறுமுனையைப் பின்னறை ஜன்னல் கம்பியில். இனி அது நகர்ந்தால் சாட்சி இருக்கும் அல்லவா? கட்டிவிட்டு நகராட்சிக்கு ஓடினார். மேற்பார்வையாளரின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினார்.

"மரம் எந்தப் பக்கம் நின்னா என்னங்கய்யா? கிளை எம் பொண்டாட்டி தலைக்கு மேலதானே இருக்கு?"

மேற்பார்வையாளர் காலை உருவிக்கொண்டு எழுந்தார். அலுவலகத்தைப் பூட்டும் நேரம். அங்கிருந்துதான் அப்படி ஓடிவந்தார்.

வீட்டில் மின்சாரம் இல்லை. மரம் சாலையில் இல்லை. சுவருக்கு உள்ளேயும் இல்லை. குழியும் இல்லை... நின்ற இடம் கெட்டித் தரையாகக் கிடந்தது. ஜன்னல் கம்பியில் போட்ட முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. அதிலிருந்து நாடா வெளியே வரவில்லை. அறைக்குள் போயிற்று.

உள்ளே ஓடினார். கும்மிருட்டு. ஈர மண் வாசனை. நாடாவைப் பிடித்தபடியே தடவித் தடவி நகர்ந்தார். கட்டில் காலியாக இருந்தது. நாடாவின் மறுமுனை ஓர் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தது. மரத்தில் அவர் போட்ட அதே முடிச்சு.

தீக்குச்சியைக் கிழித்தார். அவள் நின்றுகொண்டிருந்தாள். எதையும் பிடிக்காமல், நிமிர்ந்து. சந்தோஷத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வா, வெளியே போய்விடலாம் என்று கையைப் பிடித்து இழுத்தார். அவள் கால் தரையை விட்டு வரவில்லை. குனிந்து பார்த்தார்... பாதத்தைச் சுற்றி சிமெண்டுத் தரை வெடித்திருந்தது. அவள் கால்விரல்கள் வெடிப்புக்குள் இறங்கியிருந்தன.

அரிவாளைத் தேடி எடுத்துவந்து அவள் காலடியில் உட்கார்ந்தார். எந்த இடத்தில் வெட்டுவது? எது வேர், எது விரல்?

அப்போதுதான் அவள் பேசினாள். சாப்பிட வாங்க என்று கூப்பிடுகிற அதே குரலில்.

"விட்டுடுங்க. எத்தனை நாளைக்கப்புறம் நிக்கிறேன்."

அரிவாளைப் போட்டுவிட்டு, அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு விடிய விடிய அழுதார்.

அந்த வீட்டுக்கு இப்போது யாரும் போவதில்லை. நண்பன் ஒரே ஒரு தடவை போனானாம். அவனை முன்னறையில் உட்கார வைத்துவிட்டு, பெரியப்பா வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து பின்னறைக்குள் கொண்டுபோய் ஊற்றினாராம். ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவிடுக்கில் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.