கூப்பாட்டுக்காரர் வீட்டுக் குரல்

அன்று எங்கள் வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஊர்க்கவுண்டர் சின்னுசாமியாகிய நான், என் மனைவி ருக்குமணி, பெங்களூரில் படித்துவிட்டு வந்த எங்கள் மகன் தனபால், அவன் கூட்டிவந்த சிநேகிதர்கள் தரணிதரன், சத்யா. ஐவரும் வயிறாரச் சாப்பிட்டிருந்தோம். பஞ்சாயத்தார் அதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். விருந்தாளியைப் பசியோடு உட்காரவைத்துவிட்டு நான் எதையும் செய்தவனல்ல.

நடந்தது இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு வைகாசியில். மூவரும் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருந்தார்கள். மறுநாள் மாலை சோளக்காடு ஊர்த் திருவிழாவில் அவர்கள் கச்சேரி. என்ன பாட்டு என்று கேட்டேன். ஜாஸ் என்றான் தனபால். கூடவே கம்ப்யூட்டர் சத்தம், அதற்கு மேல் சினிமாப் பாட்டு மாதிரி ஒரு மெட்டு என்றான். ஒன்றுக்கொன்று பெண் கொடுத்து எடுக்காத மூன்று வீடுகளை ஒரே பந்தியில் உட்காரவைத்தது போல் இருந்தது. ஆனாலும் நான் குறுக்கே நிற்கவில்லை.

எங்கள் மலையில், திருப்புலி நாட்டில், எங்கள் வீட்டுக்குக் கூப்பாட்டுக்காரர் வீடு என்று பெயர். காட்டில் பன்றி இறங்கினால் "ஓஓ... ஹோய்" என்று ஒரு குரல் கொடுப்பேன். மூன்று மேடு தாண்டிக் கேட்கும். பன்றி திரும்பிப் பார்க்காமல் ஓடும். என் அப்பாவுக்கும் அந்தக் குரல் இருந்தது. எங்கள் வீட்டில் நகை நட்டு கிடையாது. அதுதான் சொத்து.

"ஏனுங்கப்பா, அந்தச் சத்தத்த ஒருக்காப் போடுங்களேன்" என்றான் தரணிதரன். விருந்தாளி கேட்டதால் போட்டேன். அவன் சத்தத்தைப் பிடித்துவைக்கும் தன் மிஷினில் ஒரு பித்தானை அழுத்தினான். என் குரல் திரும்ப வந்தது. இன்னொன்றை அழுத்தினான். அதே குரல் பால்குடி மறவாத ஆட்டுக்குட்டியைப் போல வந்தது. அடுத்தது சினை எருமை. ருக்குமணி பல் தெரியச் சிரித்தாள். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் என் முன்னால் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"நாளைக்குப் பாட்டுல இதையும் வெக்கறோங்கப்பா" என்றான் அவன்.

திருவிழாவுக்கு ருக்குமணியின் தம்பி காளியண்ணன் பக்கத்துப் பைல் நாட்டுக்காரர்களோடு வருவான். அவன் காதில் ஆட்டுக்குட்டியாக விழ நான் தயாராக இல்லை. குரலைத் திரும்ப எடுத்தாக வேண்டும்.

அது எதற்குள் இருக்கிறது என்று நிதானமாக யோசித்தேன். தரணிதரனின் மிஷினுக்கு வாயே இல்லை. ஆனால் நான் குரல் கொடுத்தபோது, சத்யா மடியில் வைத்திருந்த சாக்ஸபோன் குடம் போன்ற வாயைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இதற்கு மேல் சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை மூவரும் ஓடைக்குக் குளிக்கப் போனார்கள். நான் அதன் கழுத்தைத் திருகினேன். சாக்ஸபோனின் கழுத்து எளிதாகக் கழன்று வரும். ஊதும் முனையையும் தனியாக எடுத்தேன். மரவள்ளிக் காட்டில் முனைக்கு ஒரு குழி, கழுத்துக்கு ஒரு குழி, உடம்புக்கு ஒரு குழி. மூடி, மேலே மரவள்ளிக் குச்சி நட்டேன். வரிசை கோணவில்லை. பிறகு அது இருந்த பெட்டியின் கொக்கியை மாட்டிவிட்டு, கை கழுவிக் கேழ்வரகுக் களி சாப்பிட்டேன்.

ஊர்க்கவுண்டர் என்ற முறையில் விசாரணையையும் நானே நடத்தினேன். எடுத்தவை குரங்குகள் என்று தீர்ப்புச் சொன்னேன். குரங்குகள் தரப்பில் யாரும் வந்து மறுக்கவில்லை.

"பொட்டியத் தொறந்து எடுத்துட்டு, திருப்பிக் கொக்கி மாட்டிட்டுப் போச்சுங்களா?" என்றாள் ருக்குமணி. "நல்லா வளந்த கொரங்குதான்."

விசாரணைக்கு நடுவில் வந்த பேச்சு என்பதால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

சத்யா அழுதாள். ஏழு வருடமாக அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாளாம். தினைமாவில் தேன் விட்டுப் பிசைந்து நானே கொடுத்து, கச்சேரியை விடாமல் மேடையேறச் சொன்னேன்.

"வெறுங்கையோட மேடையேற மனசே வரலீங்கப்பா. நீங்க சொல்றதாலதான் ஏறறேன்" என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"நல்லா இரு கண்ணு" என்றேன். மனதார ஆசீர்வதித்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாலையில் கச்சேரி. என் குரல் மண்ணுக்குள் இருக்கிற நிம்மதியில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சாக்ஸபோன் ஒலிக்க வேண்டிய இடமெல்லாம் காலியாகிவிட்டதால், அங்கெல்லாம் தரணிதரன் என் கூப்பாட்டை வைத்திருந்தான். ஒரே பாட்டில் பதினேழு இடம். ஆட்டுக்குட்டியாக, எருமையாக, கடைசியில் நானாக. கூட்டம் மொத்தமும் "ஓஓ... ஹோய்" என்று திருப்பிக் கத்தியது.

காளியண்ணன் என் தோளைப் பிடித்தான். "இத்தன வருசமா பன்னிக்குப் பாடியே வீணாப் போயிட்டீங்களே மச்சான்."

நான் எழுந்து நின்றது கால் மரத்துப்போனதால். கையைத் தூக்கி ஆட்டியது கொசுவை விரட்ட.

பத்து மாதம் கழித்து, இந்தப் பங்குனியில், ருக்குமணி மரவள்ளி பிடுங்கினாள். சாக்ஸபோன் வந்தது. அதன் வாய்க்குள் முழங்கை நீளத்துக்கு ஒரு கிழங்கு விளைந்திருந்தது. கழுவி வாசலில் வைத்துவிட்டு, "கொரங்கு வெவசாயமும் பண்ணுதுங்க" என்று ஊரெல்லாம் கேட்கச் சொன்னாள். அதனால்தான் இந்தப் பஞ்சாயத்து.

புதைத்தவன் நான். குரங்குகள் மீது சொன்ன தீர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். சத்யாவிடம் சாக்ஸபோனை நேரில் கொடுத்து மன்னிப்புக் கேட்பேன், கிழங்கையும் கொடுப்பேன். செய்ததெல்லாம் குடும்ப மானத்துக்காக. புகழுக்கு ஆசைப்படுகிற ஆள் நானில்லை.

ஒரு வதந்தியை மட்டும் திருத்த வேண்டும். தனபால் அனுப்பிய அந்தப் பாட்டுக் கேசட்டை நான் தினமும் சாயங்காலம் போட்டுக் கேட்பதாகக் காளியண்ணன் பைல் நாடு முழுக்கச் சொல்லிவருகிறான். அது பொய். சாயங்காலம் எங்கள் ஊரில் கரண்ட் இருக்காது.