ஓட்டை எந்தப் பக்கம்

— பஞ்சர் ஒட்ட வேணாம் ரசியா. ஓட்டை எங்கன்னு மட்டும் காட்டு, அது போதும்.

— இன்னாண்ணே இது! பஞ்சர் கடைக்கு வந்துட்டு ஒட்ட வேணாங்கறீங்க? டிரெய்லர் சக்கரத்தையே கழட்டி டிராக்டர்ல போட்டுனு வந்திருக்கீங்க. உக்காருங்க, டீ சொல்றேன். எங்க வூட்டுக்காரரு பைபாஸ்ல நின்னுபோன பஸ்ஸுக்கு சக்கரம் மாத்த போயிருக்காரு. நான்தான் இருக்கேன்.

— டீயெல்லாம் வேணாம். பத்து மணிக்கு வில்லியனூர் ஸ்டேஷனுக்குப் போவணும். இந்த டியூப சாட்சியா எடுத்துனு போயி அவங்க மேஜ மேல வெக்கப்போறேன்.

— ஸ்டேஷனுக்கா? யாரு மேல கம்ப்ளெய்ன்ட்டு?

— எங்க வூட்டுக்காரி விசாலாட்சி தம்பி மேலதான். கலைவேந்தன். உன் கடைக்கு லாரி எடுத்துனு வருவானே, அவனேதான். பக்கத்து வூட்டுலயே இருந்துகினு, என் டிரெய்லர் டயர்ல ஆணி குத்தறான். நேத்தே எழுதிக் குடுத்துட்டேன். இன்னிக்கி ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காங்க.

— அல்லாவே! உங்க பொண்ணு கீர்த்திகாவுக்கு தாய்மாமன் அவரு. கல்யாணம் வேற அடுத்த மாசம்னு சொன்னீங்களே ஏகநாதண்ணே.

— அங்கதான் ஆரம்பமே. மாப்ள வூட்டுல தட்டு மாத்தும்போது அவன் லோடு எடுத்துனு ஆந்திரா போயிருந்தான். வந்ததும் வராததுமா, ‘தாய்மாமன் நான் இல்லாம எப்பிடி தட்டு மாத்தின?’ன்னு தெருவுல நின்னு கத்தறான். எனக்கு மட்டும் தொண்ட இல்லியா? நானும் கத்தினேன். அன்னியோட பேச்சு அறுந்துபோச்சு. அதுக்கப்புறந்தான் இந்த டயரு காத்து எறங்கி உக்கார ஆரம்பிச்சுது. நான் சொல்றது ஒண்ணுதான் ரசியா, இது வன்மம்.

— சரி, சக்கரத்த உருட்டுங்க இப்பிடி. பாத்துடுவோம்.

— சீக்கிரம் கழட்டு.

— இருங்க, மொதல்ல சாக்பீஸால கோடு போட்டுக்கறேன். காத்து புடிக்கற மவுத்து இங்க நிக்குது. அதுக்கு நேரா டயர்ல ஒரு கோடு, ரிம்முல ஒரு கோடு. டியூப்ல ஓட்டை கெடச்சதும், எது குத்துச்சுன்னு நேருக்கு நேர் வெச்சிப் பாக்கலாம்ல. ம், இந்த லீவர அழுத்திப் புடிங்க. வுட்றாதீங்க, பல்லு போயிடும்.

— இவ்ளோ பெரிய டயர நீயே பொரட்டிப் போடறியே!

— அதுக்குதான் உங்க கை இருக்குதே. அவ்ளோதான், டியூபு வெளிய வந்துடுச்சு. இப்ப கொஞ்சமா காத்து ஏத்தறேன். போதும். இதுக்கு மேல ஏத்தினா பூசணிக்காயாட்டம் ஊதிக்கும். தொட்டித் தண்ணில அமுக்குங்க. ஒரு பக்கமா, மெதுவா சுத்துங்க.

— இதோ! குமிழி வருது பாரு! நான் சொல்லல?

— விரல எடுக்காதீங்க. தொடச்சிட்டு வட்டம் போட்டுக்கறேன். இன்னும் சுத்துங்க. இங்க ஒண்ணு. அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு.

— மூணு குத்து! மனுசனா அவன்? கரும்ப வெட்டிப் போட்டுட்டு மில்லுக்குப் போவ முடியாம நான் வயித்துல அடிச்சிக்கறேன், இவன் இங்க ஆணி குத்தி வெளையாடறான்.

— அண்ணே, வட்டமெல்லாம் எந்தப் பக்கம் வுழுந்திருக்குன்னு பாத்தீங்களா?

— எந்தப் பக்கமா இருந்தா இன்னா? ஓட்டை ஓட்டைதான்.

— இல்லண்ணே, கேட்டுக்கோங்க. ரோட்டப் பாக்கற பக்கம் டியூபுக்கு முதுகு. மவுத்து இருக்கற பக்கம் வயிறு, அது ரிம்மு மேல படுக்கறது. ஆணி ஏறினா டயரத் தொளச்சிகினு முதுகுல ஏறும், இல்ல வெலாவுல ஏறும். இந்த மூணும் வயித்துல இருக்குது. முன்னாடி ஒட்டின பேட்ச்சும் பாருங்க, அதுவும் வயித்துலதான்.

— அங்க எப்பிடி ஆணிய எறக்க முடியும்? அது பூரா ரிம்மு இரும்பாச்சே.

— அதத்தான் நானும் கேக்கறேன். இந்தாங்க பழந்துணி. டயருக்குள்ள வுட்டு சுத்தியும் தடவிப் பாருங்க. ஆணி, கம்பி, முள்ளு, எது நீட்டிகினு இருந்தாலும் துணியப் புடிச்சி இழுக்கும்.

— ஒண்ணும் சிக்கல.

— இன்னொரு வாட்டி தடவுங்க. அவசரம் வேணாம்.

— இல்ல ரசியா. மொழுமொழுன்னு இருக்குது.

— அப்ப ரிம்ம பாப்போம். கோட்டுக்கு நேரா டியூப வெச்சா... இங்க வருது. விரலால தொடுங்க. மெதுவா, அறுத்துடும்.

— துருவு. அப்பளமாட்டம் பேந்துகினு வருது.

— பிளாப்பு எங்க போச்சு? ரிம்மு டியூப உரசாம நடுவுல மெத்தையாட்டம் ஒரு ரப்பர் பட்டை படுக்கணுமே. இதோ, கிழிஞ்சி சுருண்டு கெடக்குது. கிழிஞ்ச எடம் வழியா துருவு நேரா டியூப கடிச்சிருக்கு. கரும்பு லோட ஏத்தி குண்டுங்குழியுமா குலுக்கிகினு போனா கடிக்காம இன்னா பண்ணும்? முன்னாடி எங்க ஒட்டினீங்க?

— எங்க உக்காந்துச்சோ அங்கதான். டியூப எடுத்தாங்க, ஒட்டினாங்க, மாட்டினாங்க. ரிம்ம யாரும் பாக்கல. எனக்கும் பாக்கச் சொல்லத் தோணல.

— அதான். ஒட்டின மறுநாளே பக்கத்துல புதுசா கடிச்சிருக்கும்.

— சரி, துருவுன்னே வெச்சிக்குவோம். அப்ப அவன் எதுக்கு விடியக்காலம் என் டயருகிட்ட குந்திகினு இருந்தான்? இந்தக் கண்ணால பாத்தேன் ரசியா. அவன் லாரி இஞ்சின் ஓடிகினு இருக்குது, இவன் என் சக்கரத்துகிட்ட குந்தி இன்னாமோ நோண்டறான். நான் கதவத் தொறந்த சத்தங் கேட்டதும் கறுப்பா எதையோ சுருட்டி எடுத்துனு லாரில ஏறிட்டான்.

— அன்னிக்கி டயரு உக்காந்துச்சா?

— அன்னிக்கி உக்காரல. லோடு இழுத்துச்சு. அவன் வெளியூரு போன மறுநாளுதான் உக்காந்துச்சு. போவும்போது குத்திட்டுப் போயிருப்பான்.

— ஒவ்வொரு வாட்டியும் அப்பிடிதானா?

— அப்பிடியேதான். அவன் வூட்டுல இருந்தா டயரு நிக்கும். இல்லன்னா உக்காந்துரும். எனக்கு சந்தேகமே அதுலதான வந்துச்சு!

— அண்ணே, கொஞ்சம் நிதானமா கேளுங்க. இத்தினி ஓட்டையோட இந்த டியூபு ஒரு ராத்திரி தாங்காது. விடிஞ்சா சப்பையாதான் கெடக்கணும். அவரு இருக்கற நாள்ல மட்டும் எப்பிடி நிக்குது? யாராவது காத்து ஏத்தினாதான் நிக்கும்.

— யாரு ஏத்துவா? என் வூட்டுல சைக்கிள் பம்புகூட கெடையாது.

— லாரில பிரேக்குக்குன்னு காத்து டேங்கு இருக்குதில்ல? இஞ்சின ஓட வுட்டு, அதுல ரப்பர் குழா, அதான் ஓஸு, மாட்டி டயருக்கு காத்து ஏத்திக்குவாங்க டிரைவருங்க. கலைவேந்தன் போன மாசம் இங்கதான் ஓஸ் வாங்கினாரு. கறுப்பு ஓஸு. ‘உங்க லாரி சக்கரம் அவ்ளோ தூரத்துலயா இருக்குது, எதுக்கு இவ்ளோ நீளம்?’னு சிரிச்சேன். ‘பக்கத்து வூடு வரைக்கும் எட்டணும்’னாரு. நான் கிண்டல் பண்றாருன்னு நெனச்சேன்.

— பக்கத்து வூடுன்னா என் வூடுதான் ரசியா.

— அண்ணே? இந்தாங்க, தண்ணி குடிங்க.

— வேணாம். நேத்து விசாலாட்சிகிட்ட சொல்லிட்டேன் ரசியா. உன் தம்பிகிட்ட பேசினா என் மூஞ்சில முழிக்காதன்னு. எனக்கு சோறு போட்டுட்டு, அவ தின்னாம போயி படுத்துக்கினா.

— அங்க பாருங்க, லாரி நிக்குது. அவருதான் எறங்கறாரு.

— நான் இன்னா பேசறது? நீயே பேசு.

— வாங்க கலைவேந்தண்ணே. உங்க மாமா இங்கதான் இருக்காரு.

— டிராக்டரப் பாத்துட்டுதான் நிறுத்தினேன் ரசியாம்மா. அந்த டயருதான? ரிம்ம நல்லா பாரும்மா. நான் மேல எங்க தடவினாலும் ஆணி ஒண்ணும் இல்ல. உள்ளதான் ஏதோ கோளாறு.

— டேய் கலைவேந்தா. காத்து ஏத்தினது நீயா?

— வுடு மாமா. கரும்பு வெட்டிப் போட்டு டயரு உக்காந்துகினா இன்னா ஆவும்? கெடந்து காயும். எங்க கீர்த்திகா கல்யாணத்துக்கு அத நம்பித்தான இருக்கற.

— ஏன்டா வாயத் தொறந்து சொல்லல?

— காத்து ஏத்தறேன்னு சொன்னா, காத்த புடுங்கறான்னு ஊரக் கூட்டியிருப்ப.

— கூட்டியிருப்பேன். ஆமாண்டா, கூட்டிதான் இருப்பேன். சரி வா. ஸ்டேஷனுக்குப் போயி, துருவுதான் கடிச்சிருக்குது, இவன் இல்லன்னு சொல்லி வாபஸ் வாங்கிடறேன்.

— வேணாம் மாமா. நான் அங்கேர்ந்துதான் வரேன். முன்னாடியே போயிட்டேன். எல்லாம் முடிஞ்சிபோச்சு.

— முடிஞ்சிபோச்சா? அங்க இன்னா சொன்ன?

— நான்தான் குத்தினேன்னு ஒத்துக்கினேன். கோவத்துல பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க, இனிமே அந்தப் பக்கம் போவமாட்டேன்னு சொன்னேன். திட்டி அனுப்பிட்டாங்க.

— யா அல்லா! பண்ணாதத எதுக்குண்ணே ஒத்துக்கினீங்க?

— வேற இன்னா பண்றது ரசியாம்மா? கேசு இழுத்துனு போனா எங்கக்கா யாரு பக்கம் நிக்கும்? பொண்ணு மணவறையில உக்காந்திருக்கும்போது ஒரு கண்ணு புருசன் மேலயும், ஒரு கண்ணு வாசல்லயும் வெச்சிகினு தவிக்கணுமா அது? என் ஒரு மன்னிப்போட ஒழியட்டும்னு நெனச்சேன்.

— ரசியா, அந்த ரிம்ம நல்லா தேச்சிடு. புது பிளாப்பு போடு. நான் ஸ்டேஷனுக்குக் கெளம்பறேன்.

— நான் பாத்துக்கறேன்ணே. துருவ சொரண்டி பெயின்ட் அடிக்கறேன். ஓட்டைங்கள சூடு வெச்சி ஒட்டறேன். மாட்டினப்புறம் ஒரு வாட்டி காத்து ஏத்தி, எறக்கிட்டு, மறுபடி ஏத்தறேன். டியூபு மடியாம பாந்தமா உக்காந்துக்கும். இன்ஷா அல்லா, கல்யாணத்துக்கு அப்புறமும் நிக்கும். நீங்க கெளம்புங்க.

— எங்க கெளம்பற மாமா? அதான் முடிஞ்சிபோச்சுன்றேனே. எனக்கும் லோடுக்கு நேரமாச்சு.

— லோடு நிக்கட்டும். லாரிய மொதல்ல வூட்டுக்கு வுடு மச்சான், உங்கக்காளையும் ஏத்திக்குவோம். இன்னிக்கி அந்த ஸ்டேஷன்ல, அவ கண்ணு முன்னாடி, உங்கிட்ட மன்னிப்பு கேக்கப்போறவன் நானு.