வாளியில் வெளுத்த படம்

குடுவை கழுவும் கூடத்தின் கோமகளே! மூன்று கதவுக்கு அப்பால் முணுமுணுத்தாலும் முழுதாய்க் கேட்டுவிடும் கூர்ஞ்செவியே! முப்பத்தோராண்டு எங்கள் மேசையிலும் அலமாரியிலும் மூக்கை நுழைத்தே எங்களைக் காத்த அன்பு அக்காவே! வணக்கம்.

தாங்கள் ஓய்வு பெறும் செய்தி, ஆணை வருவதற்கு முந்தின நாளே எங்களுக்குத் தெரியும். எப்படி என்று கேட்காதீர்கள். தங்களிடம் கற்ற வித்தைதான்.

இரத்தக்கறையைக் கரைக்கும் நொதியைப் பாக்டீரியாவிடமிருந்து பெற, நம் ஆய்வு மாணவி மூன்றாண்டு மன்றாடியதை மறப்போமா! பாக்டீரியாவை வளர்ப்போம், சுழற்றி அடியில் படியவைப்போம், மேல்நீரை வாளியில் ஊற்றிவிட்டு, அடியில் படிந்ததை உடைத்து உடைத்துத் தேடுவோம். ஆய்வகத் தலைவர் முன்பு வளர்த்த பாக்டீரியா எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டதாம்; ஆகவே இதுவும் அப்படித்தானாம்! சனிக்கிழமைக்குள் நொதி கிடைக்காவிட்டால் ஆய்வையே மூடு என்றும் சொல்லிவிட்டார். மாணவி கழிவறையில் அழுததைத் தாங்கள்தான் எங்கள் அனைவருக்கும், தனித்தனியாக, இரகசியமாகச் சொன்னீர்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், காலையில் வாளிக்குள் தவறி விழுந்திருந்த பழைய எக்ஸ்ரே ஃபிலிமை இடுக்கியால் தூக்கினீர்கள். கறுத்த படம் கண்ணாடித் தாளாய் வெளுத்திருந்தது.

“ஏம்மா, இதுல இருந்த படம் எங்க போச்சு?”

“அக்கா, அது கொட்டுற தண்ணி. நானே நொந்துபோயிருக்கேன், விடுங்க.”

“எப்படி விடுறது? மேல பூசியிருந்த ஜெலட்டினை இந்தத் தண்ணி வழிச்சுத் தின்னிருக்கே! ஜெலட்டின் புரதம், கறையும் புரதம்னு நீதானேடி சொல்லிக்குடுத்தே?”

பட்டம் பெற்ற தலைகள் அத்தனையும் ஒரு வாளிக்குள் எட்டிப்பார்த்த அரிய காட்சி அன்றுதான் கிட்டியது! அந்தப் பாக்டீரியா, நொதியைச் செய்யும்போதே அதன் தலைப்பில் முகவரிச் சீட்டு ஒன்றை வைத்து, சவ்வின் வாசலில் சீட்டைக் கத்தரித்து, வெளியே, நாங்கள் கொட்டிய மேல்நீருக்குள், அனுப்பிக்கொண்டிருந்தது. உள்ளே வைத்திருந்தால் வீட்டையே தின்றுவிடுமே! இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாடம் நடத்துபவரும் தலைவர்தான். அவர் அன்று வாளியைப் பார்த்த அளவுக்கு எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை ஆய்வு மூடப்படவில்லை. மாணவி இன்று முனைவராய் முன்வரிசையில் அமர்ந்து, மறுபடியும் அழுகிறாள். இம்முறை எல்லோரும் பார்க்க.

சன்னலில் தாங்கள் ஒட்டிவைத்திருந்த அந்த வெளுத்த ஃபிலிமை இரண்டு வாரமாகக் காணோம். எங்கள் இழுப்பறைகளைக் குடைந்தீர்கள். காவலரின் சோற்றுப் பையையும் விடவில்லை. “என் படம் வராம நான் வீட்டுக்குப் போகமாட்டேன், பார்த்துக்கோங்க!” என்று சூளுரைத்தீர்கள். போகாமல் இருந்துவிட்டால் நல்லதென்று எங்களில் சிலர் அதை ஒளித்தே வைக்கச் சொன்னோம். மனம் வரவில்லை.

செவிக்கூர்மை சிறிதும் மங்காமல், கால்வலி கிட்டவும் நெருங்காமல், அக்கம்பக்கத்துச் செய்தி ஒன்றும் தப்பாமல், நூறாண்டு கடந்தும் தாங்கள் வாழ வேண்டும்!

இந்த மடலின் சட்டத்தில் நாங்கள் கண்ணாடி போடவில்லை. அதன் இடத்தில் இருப்பதைத் தொட்டுப் பாருங்கள், அக்கா.

இனி வீட்டுக்குப் போகலாம்.

திருட்டை ஒப்புக்கொண்டு கையொப்பமிடும்,
ஆய்வகப் பணியாளர்கள் அனைவரும்
(தலைவர் உட்பட)