வாப்பாவின் வாயால்

றிஷானா: …இல்ல, முதல்லருந்து சொல்லுங்க. பள்ளிவாசலுக்குள்ள போனதிலருந்து.

அர்ஷாக்: நிக்காஹ் முடிஞ்ச கையோட வந்திருக்கிறன். மாப்பிள்ளை எப்படி இருக்கார் எண்டு ஒரு பார்வை பாக்கலாமே?

றிஷானா: பாத்தாச்சு. தொப்பி கோணல். இப்ப சொல்லுங்க.

அர்ஷாக்: உங்கட சாச்சா கோல் எடுத்துச் சொல்லல்லயா?

றிஷானா: "முடிஞ்சுது, அல்ஹம்துலில்லாஹ்" எண்டிட்டு வச்சிட்டார். பொம்பிளையாக்கள் நாங்க இஞ்ச வீட்டில போனையே பாத்துக்கொண்டு இருந்தம். என்னைக் கட்டிக் குடுக்கிற சொல்லை வாப்பா சொன்னாரா, அவருக்காக அவர்ட தம்பி, சாச்சா சொன்னாரா எண்டு தெரியாம…

அர்ஷாக்: வாப்பாதான் சொன்னார்.

றிஷானா: இருங்க. கொஞ்சம் இருங்க… முழுசாவா? ஒரு சொல்லும் விடாம?

அர்ஷாக்: முழுசா. ஐயோ, அழாதீங்க, கண் மை கரையுது. மாமி வந்தா என்னைத்தான் ஏசுவா.

பரீதா: என்ன மகன், வட்டிலப்பம் சாப்பிடாம வச்சபடியே இருக்கு? இவள் ஏன் அழுறாள்?

அர்ஷாக்: நான் ஒண்டும் செய்யல்ல மாமி!

றிஷானா: உம்மா, வாப்பா தன்ட வாயாலயே சொன்னவராம்.

பரீதா: ஓம் புள்ள. வாசல்ல இறங்கேக்கயே முகத்தில தெரிஞ்சுது. நேரா குசினிக்குள்ள வந்தார். தண்ணி கேட்டார். "தண்ணி" எண்டே கேட்டார்… அல்லாஹ் பெரியவன். நான் போறன், ஆக்கள் காத்திருக்காங்க.

அர்ஷாக்: தண்ணி கேட்டதுக்கா மாமி கண்ணத் துடைச்சுக்கொண்டு போறா?

றிஷானா: உங்களுக்குத் தெரியாது. ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியால கூட்டி வந்த கிழமை, தண்ணி கேக்க வெளிக்கிட்டா "பண்ணி" எண்டு வரும். திரும்பச் சொன்னா "நட்டி". இன்னொருக்கா சொன்னா வெறும் காத்து. கிளாஸைக் கையால காட்டுவார். மனுசனுக்கு எல்லாம் விளங்குது, வாய்தான் சொல்லுக் கேக்குதில்ல.

அர்ஷாக்: நாக்கு இழுத்துட்டுதா?

றிஷானா: எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. நாக்கில ஒரு குறையுமில்ல. மீன் முள்ளை வாய்க்குள்ளயே பிரிச்சுத் துப்புவார். அல்ஹம்து சூராவப் பிசகில்லாம ஓதுவார். ஆனா "மகள்" எண்டு கூப்பிட ஏலாது. அதப் பாத்திட்டு, நடிக்கிறார் எண்டும் சனம் சொன்னது.

அர்ஷாக்: நடிப்பாமா?

றிஷானா: ஓம். ஹாபரில மீன் ஏலம் கூறின மனுசன். அவர்ட குரல் கேட்டா தூரத்தில போற வள்ளமும் திரும்பிப் பாக்கும். அந்த மனுசனுக்கு முன்னால கூட்டாளிமார் வந்து, செவிடனுக்குக் கத்துற மாதிரிக் கத்துவாங்க. பிறகு அவங்களும் வரல்ல. வாப்பாவும் வெளிய இறங்குறதை விட்டுட்டார்.

அர்ஷாக்: பிறகு ஆர் கண்டுபிடிச்சது?

றிஷானா: ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கிற மதிவதனா மிஸ்தான் விளங்கப்படுத்தினா. அப்ரெக்சியா எண்டு பேராம். சொல்லெல்லாம் தலைக்குள்ள பத்திரமா இருக்காம். வாய்க்குப் பலமும் இருக்காம். எந்த அசைவுக்குப் பிறகு எந்த அசைவு எண்டு மூளை வாய்க்குச் சொல்லிக் குடுக்கோணுமே, அந்த இடத்திலதான் அடிபட்டிருக்காம். ஓதிப் பழகினது தன்பாட்டில வரும். நினைச்சுச் சொல்லப் போனாத்தான் தடுமாறும். அவசரப்படுத்தினா இன்னும் மோசம்.

அர்ஷாக்: வாப்பா என்ன செய்தார், அதக் கேட்டிட்டு?

றிஷானா: நெஞ்சில கைய வச்சுக்கொண்டு அழுதார். தனக்கு அறிவு கெடல்ல எண்டு சொல்ல ஒராள் கிடைச்சிட்டாவே. அந்த மிஸ்ஸுக்கு நான் சாகும் வரைக்கும் துஆ கேப்பன்… இந்தா, என்னையே கதைக்க வைக்கிறீங்க. பள்ளியில என்ன நடந்தது?

அர்ஷாக்: மௌலவி என்னையும் வாப்பாவையும் கை பிடிக்கச் சொன்னார். வாப்பா வாயைத் திறந்தார்… ஒண்டும் வரல்ல. மௌலவி வாப்பாவிட்ட மெதுவாக் கேட்டார், "ஹிஸ்புல்லா காக்கா, தம்பியப் பொறுப்பு வச்சும் சொல்லலாமே, மார்க்கத்தில இடமிருக்கு" எண்டு.

றிஷானா: அதுக்கு?

அர்ஷாக்: ஏலாது எண்டு தலைய ஆட்டினார். எழும்பின சாச்சா திரும்ப இருந்திட்டார். பிறகு என்ட கையில வாப்பாட பெருவிரல் தட்டுது. ஒரு தட்டு… ஒரு தட்டு…

றிஷானா: தாளம்! தட்டுக்கு ஒரு துண்டாச் சொல்ல மிஸ் பழக்கினது! பின்னேரத்தில இன்னர் ஹாபர் ரோட்டில, கடலோரக் கம்பியில தட்டித் தட்டித்தான் வாப்பாவும் நானும்…

அர்ஷாக்: "என்… மகள்…" வந்திச்சு. உங்கட பேரில நிண்டுட்டுது. "சி…" எண்டார். "தி…" எண்டார். வேர்த்துக் கொட்டுது. பின்னால ஆரோ செருமினாங்க. நான் திரும்பல்ல. அவர்ட வாயையே பாத்துக்கொண்டு நானும் விரலால தட்டினன், மெதுவா.

றிஷானா: நீங்களா?

அர்ஷாக்: ஓம். ரெண்டு பேர்ட தட்டும் ஒண்டானதும்… "றி… ஷா… னாவை". பிறகு "உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்". கடைசிச் சொல்லு ஏலம் கூறுற குரல்லயே வந்திச்சு. பள்ளி அதிர்ந்திட்டுது! "ஏற்றுக்கொண்டேன்" எண்டு நான் சொல்லோணும்… நான் இன்னும் விரலத் தட்டிக்கொண்டே இருந்திட்டன். "மாப்பிள்ளைக்குமா வாய் வருதில்ல?" எண்டு மௌலவி கேக்க, எல்லாரும் சிரிச்சிட்டாங்க.

றிஷானா: யா அல்லாஹ்… நான் ஒண்டு சொல்லட்டா? ஏச மாட்டீங்களே?

அர்ஷாக்: முதல் நாளேவா? சொல்லுங்க.

றிஷானா: நாம இருக்கப் போற வீட்டில டைல்ஸ் பதிச்சு முடியல்ல எண்டு நிக்காஹை ஒத்திப்போட்டமே… அது பொய். டைல்ஸ் எப்பவோ முடிஞ்சுது. வாப்பா தன்ட வாயால சொல்லிக் குடுக்கோணும், அதுவரைக்கும் ஏலாது எண்டு உம்மாவோட சண்டை பிடிச்சனான்.

அர்ஷாக்: அப்ப நான் டைல்ஸ் படம் கேக்கேக்க, போன்ல சார்ஜ் இல்ல எண்டது?

றிஷானா: அதுவும் பொய்தான். சிரிக்காதீங்க! கிண்ணியாவில உங்கட வீட்டாக்கள் வேற பொண்ணு பாத்திருவாங்களோ எண்டு எனக்கு எவ்வளவு பயம். அடுத்த தரம் என்ன சாட்டுச் சொல்ற எண்டு முழிச்சுக்கொண்டு இருக்கேக்கதான், கட்டார் வேலையில உங்களுக்கு லீவு கிடைக்கல்ல எண்டு தகவல் வந்திச்சு.

அர்ஷாக்: சந்தோசப்பட்டீங்களா?

றிஷானா: உங்கட மெனேஜருக்காகத் தொழுதிட்டு துஆ கேட்டனான். அவர் லீவு தராததாலதானே வாப்பாக்கு நாள் கிடைச்சது… அதிருக்க, தாளம் தட்டோணும் எண்டு உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?

அர்ஷாக்: …நோன்புக்குள்ள ஒருநாள் இஞ்ச கோல் எடுத்தனான். வாப்பாதான் எடுத்தார். ஸலாம் வடிவா வந்திச்சு. அதுக்குப் பிறகு "ம… ம…" எண்டு மூச்சு வாங்குறார். மருமகன் எண்டு கூப்பிடத்தான் அந்தப் பாடு எண்டு விளங்கினதும், எனக்கு இருக்க ஏலல்ல. தேடிப் பிடிச்சு மதிவதனா மிஸ்ஸோட கதைச்சனான். காத்திருங்க, வாயைப் பாருங்க, கூடத் தட்டுங்க எண்டு சொன்னா.

றிஷானா: அடப்பாவி! அப்ப "நாக்கு இழுத்துட்டுதா" எண்டு ஒண்டும் தெரியாத ஆள் மாதிரிக் கேட்டது?

அர்ஷாக்: உங்கட வாயால கேக்க ஆசை.

றிஷானா: இருங்க, இருங்க… எல்லாம் தெரிஞ்சிருக்கு உங்களுக்கு. அப்ப அந்த லீவு?

அர்ஷாக்: துஆ பிழையான ஆளுக்குப் போயிட்டுது, றிஷானா. மெனேஜர் கேட்டவுடனயே லீவு தந்தவர். நான்தான் இப்ப வேணாம் எண்டு திருப்பிக் குடுத்தனான்.